மலைக்குப் பெண் கேட்டுப் போனோம்

குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சின்னச் சரக்கு வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பலாப்பழம்.

அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு என் அப்பா இறங்கினார். அவருக்குப் பின்னால் எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கோவிந்தன் மாமா, மடிப்புக் கலையாத வேட்டியில். அப்புறம் காசியம்மா அக்கா, சின்னப்பையன் அண்ணன், அவர் மனைவி பாப்பாத்தி, இன்னும் சில உறவுக்காரர்கள். ஆளுக்கொரு பை. சாமை அரிசி, புளி, தேன் பாட்டில், மலைவாழைச் சீப்பு. பெண்கள் எல்லாருடைய தலையிலும் கனகாம்பரம்.

இடம் சந்தவாசல். கடைத்தெருவைத் தாண்டி உள்ளே போனால் ஏழுமலை என்பவரின் வீடு. நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர். வாசலில் ஒரு டிராக்டர் நிற்கும். காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம்.

எதிர்ப்பக்கக் குழாயடியில் இருந்தவர்கள் எங்கள் ஆட்களைப் பார்த்துப் படவேட்டுக் கோயிலுக்கு வந்த கூட்டம், வழி கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்களாம். செருப்பை வரிசையாகக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாரும் நின்ற விதத்தைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டுக் குடத்தோடு நெருங்கி வந்துவிட்டார்கள்.

நான் ஸ்கூட்டியில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பெட்ரோல் போட நின்றதில் தாமதம். நான் போய்ச் சேர்வதற்குள் பாய் விரித்து, எல்லார் கையிலும் காபி டம்ளர் வந்துவிட்டது. ஏழுமலையின் மனைவி சுமதி நல்ல புடவைக்கு மாறியிருந்தார். ஏழுமலை ஒரு பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“பையன் வரலீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

கோவிந்தன் மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“பையன்னு தனியா யாரும் இல்லீங்க. நாங்க மலைக்குக் கேட்டு வந்திருக்கோம்.”

நான் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து வாசற்படியில் நின்றேன்.

பேசுற டாக்டர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் நான் விடுதியில் தங்கிப் படித்த கதையை எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர், “பேசுவதற்கென்று ஒரு படிப்பா?” என்று கேட்டிருந்தார். எங்கள் மலையில் கேட்காத கேள்வியில்லை.

ஜவ்வாது மலைமேல் இருக்கிற அரசு மருத்துவமனையில் நான் உளவியலாளர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. நான் எம்.எஸ்சி. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா என்னைவிட அதிகமாகச் சொல்வார். “மண்டைக்குள்ள இன்னா ஓடுதுன்னு பாக்கற படிப்பு” என்பது சந்தையில் அவர் தருகிற விளக்கம். அதைக் கேட்டுவிட்டு என் முகத்தை நேராகப் பார்க்கப் பயந்தவர்களும் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பை விலக்கித் தோளை நீட்டினார். ஊசிக்கு.

“இங்க ஊசி இல்லக்கா. நாம பேசலாம்.”

“பேசறதுக்கா பஸ் ஏறி வந்தேன்? எங்க வூட்ல பேச ஆளே இல்லியா?”

“யாருகிட்ட பேசுவீங்க?”

அவர் யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார்.

“மாட்டுகிட்ட” என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் எனக்குப் ‘பேசுற டாக்டர்’ என்று பெயர் வந்தது. டாக்டர் இல்லை, உளவியலாளர் என்று பல தடவை திருத்திப் பார்த்தேன். “சரி டாக்டரம்மா” என்றார்கள்.

நான் தேர்வான கதையும் சின்னதுதான். நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர், “மலைமேல போட்டா போவீங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல. “அங்கிருந்துதான் சார் பஸ் பிடிச்சு வர்றேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு நேர்காணல் முடிந்தது.

திரும்பிப் போன பஸ்

வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆனபின், மருத்துவமனைகளில் நோய் கணித்துச் சிகிச்சை தருவதற்கான மேற்பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. பெரிய ஊர், பெரிய மருத்துவமனை. கிடைப்பது அபூர்வம். நான் துள்ளிக்கொண்டு போய் எங்கள் மேலதிகாரியான டாக்டர் சாரிடம் சொன்னேன்.

“ரொம்ப சந்தோசம். ஆனா உன் எடத்துக்கு ஆள் வந்து சேர்ந்தாதான் உன்னை விட முடியும். இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் வராம நீ வேலைய விட்டுட்டுப் போனா அந்த போஸ்ட்டையே கீழ வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க. ஒரு தடவை எறங்குனா மறுபடி மலையேறாது. பாத்துக்கோ.”

எனக்குப் படிப்பு போகும். அல்லது மலையை விட்டு அந்த நாற்காலியே போகும். ஆள் வராவிட்டால் இரண்டில் ஒன்று. ஆள் வந்தால் இரண்டும் நிற்கும்.

அரசுச் சேவைக்கு உளவியலாளர்களை அழைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படித்தவர்கள் இல்லாமல் இல்லை. நகரத்தில் தனியார் மருத்துவமனை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வீட்டிலிருந்தே கணினியில் பேசுகிற வேலைகூட இருக்கிறது. எங்களுடையது ஒப்பந்த வேலை. சம்பளத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது என் அடுத்த ஒப்பந்தத்துக்கு நல்லதில்லை.

தேர்வானவர்கள் பட்டியலில் முதலில் இருந்த இளைஞர் மலையைப் பார்க்க வந்தார். பஸ் படிக்கட்டிலிருந்து இறங்குவதற்கு முன்பே செல்போனை உயரத் தூக்கிப் பார்த்தார். சிக்னல் கிடைக்கிற பாறையை எங்கள் ஆட்கள் அன்போடு காட்டினார்கள். அவர் பாறைமேல் நின்று அம்மாவிடம் பேசினார். இறங்கி வந்தார். அதே பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிக்கொண்டார்.

அடுத்தவர் கணவரோடு வந்தார். கணவர் எங்கள் வாட்ச்மேனிடம், “இங்க கரடி உண்டா?” என்று கேட்டார். வாட்ச்மேன் பொய் சொல்லத் தெரியாதவர். “இருக்கும் சார். ஆனா அது பாட்டுக்குப் போய்டும்” என்றார். அவர்களும் அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொருவருக்கு மலை ரொம்பப் பிடித்தது. பனியை, பூவை, சாமைக் கதிரை, என்னை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். ‘என் மனம் இங்கேயே தங்கிவிட்டது’ என்று ஸ்டேட்டஸும் வைத்தார். மனம் மட்டும்தான் தங்கியது.

கடைசியாக மிஞ்சிய பெயர் நிவேதா. நான் படித்த கல்லூரியில் எனக்கு இளையவள். சந்தவாசல் பெண், எங்கள் மலை அடிவாரம். விண்ணப்பித்திருந்தாள், தேர்வும் ஆகியிருந்தாள். அலுவலகத்திலிருந்து போன் செய்தபோது அவள் அப்பா எடுத்திருக்கிறார். “பொண்ணை அனுப்பறதா இல்லீங்க” என்று வைத்துவிட்டார். விருப்பமில்லை என்று குறித்து வைத்துவிட்டார்கள்.

போன்லியா கேட்டாங்க

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அப்பா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் மாமா பேசிக்கொண்டிருக்க வந்திருந்தார்.

“யாரு போய்க் கேட்டாங்க?” என்றார் அப்பா.

“யாரும் போகலப்பா. போன் பண்ணாங்க.”

கொட்டை எடுப்பது நின்றது.

“போன்லியா?”

“ஆமா.”

“வயசுப் பொண்ணைப் போன்ல கேட்டா எந்த அப்பன் குடுப்பான்?” அப்பா கோவிந்தன் மாமாவைப் பார்த்தார். மாமா ஏதோ மானக்கேட்டைக் கேள்விப்பட்டவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“எத்தினி தடவை கேட்டாங்க?” என்றார் மாமா.

“ஒரு தடவைதான் மாமா. வேணாம்னுட்டாரு.”

“மொதோ தடவைல வேணாம்னுதான் சொல்லுவாரு. பின்ன, எப்படா கேப்பாங்கன்னு காத்துக்கினு இருந்தேன்னா சொல்லுவாரு? படிச்சவங்களுக்கு இதுகூடவா தெரில?”

எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போனால் முதல் தடவையே சரி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் பெண்ணுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும். கேட்கிறவர்களும் முதல் மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போவார்கள், உட்காருவார்கள், காபி குடிப்பார்கள், முடியாது என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள். மறுபடி போவார்கள்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதே அப்படித்தான். உண்டு உறைவிடப் பள்ளியின் டீச்சர் ஒருவர் குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு ஏறி வந்தார். “ஆடு மேய்க்க ஆள் இல்ல” என்று அப்பா அனுப்பிவிட்டார். மறுபடி வந்தார். “பொட்டப்புள்ளைய வெளிய விடறதில்ல” என்றார் அப்பா. இரண்டு பதிலிலும் எனக்கு அழுகைதான் வந்தது. டீச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை அவர் வந்தபோது அப்பாவே என் துணியை மூட்டை கட்டி வைத்திருந்தார். டீச்சருக்கு முறை தெரிந்திருந்தது.

“வண்டி சொல்லுடா” என்றார் கோவிந்தன் மாமா, அப்பாவிடம். “முறையா போய்க் கேப்போம்.”

நான் தடுக்கவில்லை. வேறு வழியும் இல்லை. யார் யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டிருக்கலாம். எல்லாரும் வந்தார்கள்.

இன்னார் வீடு, இன்ன உறவு

மறுபடி சந்தவாசல் வாசலுக்கு வருவோம். மாப்பிள்ளை இல்லை, வந்திருப்பது வேலைக்காக என்று தெரிந்ததும் ஏழுமலையின் முகம் சிவந்துவிட்டது. சுமதி தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“அதான் அன்னிக்கே போன்ல சொல்லிட்டேனேங்க.”

“போன்ல சொன்னீங்க. நேர்ல வந்து கேக்கறதுதான மொற” என்றார் மாமா.

“இன்னாங்க மொற? என் பொண்ணு படிக்கறேன்னா, படிக்க வெச்சேன். அதுக்காக பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறான்னு ஊரு பேசறதுக்கா? நாளைக்கு எவன் வூட்லயிருந்து கேட்டு வருவாங்க?”

“நாங்க வந்திருக்கோமே” என்றார் அப்பா.

குடத்தோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

“அங்க யாருதான் வர்றாங்க அந்த வைத்தியத்துக்கு? சங்கிலியில கட்டிப் போட்டவங்களா?”

டிராக்டருக்கு அடியில் ஒரு கோழி மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது.

“நான் போறேங்க, அந்த வைத்தியத்துக்கு” என்றார் காசியம்மா அக்கா.

பெண் கேட்கப் போனால் வந்தவர்கள் ஒவ்வொருவராக இன்னார் வீடு, இன்ன உறவு என்று சொல்லிக்கொள்வதும் எங்கள் முறை. இவர்கள் எப்படிச் சொல்லிக்கொள்வார்கள் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ரகசியம். என்னிடம் வருபவர்களைச் சந்தையில் பார்த்தால்கூட நானாகப் பேச மாட்டேன். இப்போது பாதித் தெரு கேட்டுக்கொண்டு நிற்கிறது. வேண்டாம் அக்கா என்று கண்ணைக் காட்டினேன். ஹெல்மெட்டுக்குள் இருந்து எதைக் காட்ட முடியும்?

“நான் காசியம்மா. எங்க வூட்டுக்காரரு போனப்புறம் எனக்கு எதுவும் புடிக்கல. அடுப்பே பத்தவெக்க மாட்டேன். புள்ளைங்க பக்கத்து வூட்ல துன்னுதுங்க. இந்தப் பொண்ணுகிட்ட வந்து ஒக்காருவேன். பேசுவேன், இல்லன்னா சும்மா இருப்பேன். இப்ப நானே ஆக்கறேன். இந்தச் சாம நான் குத்துனது.” பையை ஏழுமலையின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அடுத்துச் சின்னப்பையன் அண்ணன். எழுந்து நின்று சொன்னார்.

“எனக்குக் காதுல யாரோ பேசற மாதிரி கேக்கும். டாக்டரு மாத்திரை குடுத்தாரு. மாத்திரைய ஏன் நிறுத்தக்கூடாதுன்னு இந்தப் பொண்ணுதான் வெவரமா சொல்லுச்சு. இப்பவும் எப்பனாச்சும் கேக்கும். கேட்டா கேக்கட்டும்னு புளி உலுக்கப் போய்டுவேன்.”

“முன்னல்லாம் அதுகூட சண்ட போட்டுக்கினே எறங்கிப் போய்டுவாரு” என்றார் பாப்பாத்தி. “அமிர்திப் பக்கம் காட்டுல தேடிப் புடிச்சி இட்டாருவோம். இப்ப கேட்டுச்சின்னா எங்கிட்ட வந்து சொல்லிடறாரு. நானும், அது இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கறேன்.”

கடைசியாகக் கோவிந்தன் மாமா. அவர் என்னிடம் எதற்கும் வந்தவர் இல்லை. ஊர்க்கவுண்டர் என்ற முறையில் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“எங்க வூட்லயும் ஒருத்தன் இருந்தான்” என்றார். “இந்தப் பொண்ணு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி.”

அவ்வளவுதான் சொன்னார். டம்ளரை எடுத்து, காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

உள்ளே கதவோரம் நின்றிருந்த நிவேதா வெளியே வந்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்தாள். பிறகு சின்னப்பையன் அண்ணன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, அந்தக் குரல் ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?”

அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டும் வரும்மா. பொம்பள கொஞ்சம் மரியாதையா பேசும்.”

“ஆம்பள?”

“எங்க மாமனாரு மாதிரி.”

பாப்பாத்தி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நிவேதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஊர் விசாரிப்பதுபோல விசாரித்தாள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இவள்தான் ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயமும் வந்தது.

“நிவேதா, உள்ள போ” என்றார் ஏழுமலை. எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க. முடியாதுங்க.”

எங்கள் ஆட்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, “வர்றோங்க” என்று மலர்ந்த முகத்தோடு விடைபெற்றார்கள். பலாப்பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், டிராக்டர் சக்கரத்தின் பக்கத்தில்.

நான் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது குடத்தோடு நின்ற ஒரு பெண் அருகே வந்தார். “எம்மா, இந்த மாதிரி பேசறதுக்கு எங்க ஊருல யாரும் ஒக்கார மாட்டாங்களா?” என்றார் மெதுவாக. பதிலுக்குக் காத்திராமல், யாரோ பார்க்கிறார்கள் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதிச் சம்மதம்

மலை அடிவாரத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அழுதிருந்தது தெரிந்துவிட்டது.

“இன்னாத்துக்கும்மே அழுவற?” என்றார் அப்பா.

“முடியாதுன்னுட்டாரேப்பா.”

“ஒக்காரச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“காபி குடுத்தாங்களா?”

“மாப்ள வூடுன்னு நினைச்சிக் குடுத்தாங்க.”

“தெரிஞ்சப்புறம் டம்ளரைப் புடுங்கலியே” என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டு என் கையில் வைத்தார்.

மறுநாள் டாக்டர் சார் போன் செய்தார். “அந்த சந்தவாசல் பொண்ணு மறுத்துடுச்சுன்னே முடிச்சிடலாமா? நாள் இல்லம்மா.”

“இருங்க சார். இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்.”

“இது எந்த விதிமுறையில இருக்கு?”

“எங்க ஊரு விதிமுறை சார்.”

அவர் சிரித்தது கேட்டது. முடிக்காமல் வைத்திருந்தார்.

இரண்டாவது தடவை காசியம்மா அக்காவும் பாப்பாத்தியும் மட்டும் பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு கரும்புக் கட்டு. ஏழுமலை வயலில் இருந்தாராம். அங்கேயே போய்க் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்றுதான் சொன்னாராம். சுமதி வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டிருக்கிறார். முருங்கைக்காய்க் குழம்பு, அப்பளம்.

“சோறு போட்டாங்கன்னா பாதி சரின்னு அர்த்தம்” என்றார் காசியம்மா அக்கா.

எனக்கு அர்த்தம் புரியவில்லை. மாதம் முடிய நாள் குறைந்துகொண்டிருந்தது. பயிற்சி இடத்திலிருந்து, சேருகிறீர்களா இல்லையா என்று குறுஞ்செய்தி வந்தது. இரண்டு பதிலையும் அடித்து அடித்து அழித்தேன்.

வூடு பாக்க வந்தவர்

பிறகு ஒருநாள் முன்பகலில், மருத்துவமனை எதிரே பஸ் நின்றது. சுமதி இறங்கினார். நிவேதா இறங்கினாள். கடைசியாக, தோளில் துண்டோடு ஏழுமலை. வளைவுப் பாதை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கையில் பாதி எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

“சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு” என்றார்.

சேதி எப்படிப் போனதென்று தெரியாது. கோவிந்தன் மாமா மடிப்பு வேட்டியோடு வந்து நின்றார்.

பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள் அல்லவா, அப்படியே பார்த்தார் ஏழுமலை. ஊழியர்கள் தங்கும் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினார். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். கழிப்பறைக் கதவைச் சாத்தித் திறந்தார். மாமா மாப்பிள்ளைக்கு அப்பா மாதிரி கூடவே நடந்தார்.

“தண்ணி எப்பவும் வருங்களா?”

“வரும்.”

“கரண்டு?”

மாமா கொஞ்சம் தயங்கினார். “இருக்கறப்ப நல்லா இருக்குங்க.”

சுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக என் அறை. முன்பு மருந்துப் பெட்டிகள் வைத்திருந்த இடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். வெளியே சுவரை ஒட்டினாற்போல ஒரு பெஞ்சு. அன்றைக்கும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலிலேயே மாமா நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “மூணாந்தடவையா கேக்கறேங்க. பொண்ணை எங்களுக்குக் குடுங்க.”

ஏழுமலை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாப்பா வெளிப்பக்கம் கீது” என்றார்.

ஆமாம், சாமான் அறையாக இருந்தபோது போட்டது. உள்பக்கம் எதுவும் இல்லை. கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் நான் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பேன். பேச்சு வெளியே கேட்காமல் இருக்க மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விடுவேன். அதன் கடகடப்பில் பாதி நேரம் எனக்கே ஒன்றும் கேட்காது.

“வெளிய தாப்பா போட்ட ரூம்புல ஒக்காந்துக்கினு யாரும்மா மனசு வுட்டுப் பேசுவாங்க?” என்றார் என்னிடம். பிறகு மருந்தாளரைக் கூப்பிட்டு, “ஸ்க்ரூ டிரைவர் இருக்குங்களா?” என்று கேட்டார்.

டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிறவர். தாழ்ப்பாளை வெளிப்பக்கமிருந்து கழற்றினார். மரத்தூளை ஊதினார். உள்பக்கம் வைத்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்து, திருகினார். கீழே இடைவெளி இருந்த இடத்தில் சாக்கை மடித்து ஆணி அடித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் தங்கள் முறையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். நெற்றியில் வேர்வை வழிய எழுந்து நின்றார்.

“நிவேதா, உள்ள வா. நீங்கல்லாம் வெளிய நில்லுங்க. ஃபேனை நிறுத்திடறேன். நான் உள்ள பேசறேன். கேக்குதான்னு பாருங்க.”

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது.

நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாட்ச்மேன் மூச்சை அடக்கினார். கொல்லையில் ஒரு சேவல் கூவியது. எங்கோ டீசல் மோட்டார் ஓடியது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

சோதித்துப் பார்க்க நாலு வார்த்தை போதும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் வெற்றிலை போட்டு முடித்துவிட்டார். நான் கதவைத் தட்டலாமா என்று யோசித்தேன். தட்டவில்லை.

“வூட்ல இவ்ளோ பேச மாட்டாரு” என்றார் சுமதி. கதவைப் பார்த்தபடி.

தாழ்ப்பாள் விலகியது. முதலில் நிவேதா வந்தாள், யாரையும் பார்க்காமல். அவளுக்குப் பின்னால் ஏழுமலை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா கேட்டுச்சு?” என்றார்.

“ஒரு சொல்லு கேக்கலீங்க” என்றார் கோவிந்தன் மாமா.

ஏழுமலை திரும்பிக் கதவை ஒரு தடவை சாத்திப் பார்த்தார். திறந்தார்.

“அப்ப சரி” என்றார்.